டரான்டுலா சிலந்தி எப்படி வளர்கிறது? தீனி, தண்ணீர், வெப்பம், இருப்பிடம் ஆகியவற்றின் பங்கு

டப்பாவைத் திறந்து பார்த்தால் சிலந்தி மல்லாந்து கிடக்கிறது. எட்டுக் கால்களும் மேலே பார்த்தபடி இருக்கின்றன. அசைவு இல்லை. செத்துவிட்டது என்று எண்ணி அதைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. உயிர் இருக்கிறதா என்று பார்க்கக் குச்சியால் புரட்டி, அதனாலேயே அதைச் சாகடித்தவர்களும் உண்டு. உண்மையில் அந்தச் சிலந்தி செத்துக் கிடக்கவில்லை, வளர்ந்துகொண்டிருந்தது.

மலேசியாவில் மீன், பறவை, ஆமை வளர்ப்பவர்களுக்கு நடுவே இப்போது டரான்டுலா எனப்படும் பெருஞ்சிலந்தி வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். இளைஞர்களிடம் இந்த ஆர்வம் அதிகம். இது குரைக்காது, நாற்றம் அடிக்காது, இடத்தை அடைக்காது. வாரம் ஒரு பூச்சி கிடைத்தால் போதும். ஆனால் இது நாய், பூனை போல் வளரும் உயிர் அல்ல. இதன் வளர்ச்சி எப்படி நடக்கிறது என்று தெரியாமல், அதிகமாகத் தீனி போட்டால் சீக்கிரம் பெரிதாகும் என்று நினைப்பதே பல சிலந்திகள் பாதியில் சாகக் காரணமாகிறது.

சட்டை உரித்தால்தான் வளர்ச்சி

டரான்டுலா தெரபோசிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் குடும்பத்தில் 1,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இவற்றுக்கு உடலுக்குள் எலும்பு கிடையாது. வெளியே இருக்கும் கெட்டியான ஓடே எலும்பின் வேலையைச் செய்கிறது. அந்த ஓடு விரிந்து கொடுக்காது. ஆகவே உள்ளே உடல் வளர்ந்ததும், பாம்பு சட்டை உரிப்பதுபோல், பழைய ஓட்டை முழுவதுமாகக் கழற்றிவிட்டுச் சிலந்தி வெளியே வர வேண்டும். புதிய ஓடு மென்மையாக இருக்கும் சிறிது நேரத்தில்தான் அதன் கால்களும் தலைமார்பும் நீண்டு பெரிதாகின்றன. ஓடு கெட்டியான பிறகு அடுத்த தோலுரிப்பு வரை அந்த அளவு மாறாது.

ஒவ்வொரு முறையும் வெளித்தோல் மட்டும் கழலுவதில்லை. நச்சுப்பற்கள், சுவாசப் பைகளின் உட்தோல், உணவை உறிஞ்சும் இரைப்பையின் உட்தோல் ஆகியவையும் புதிதாகின்றன. இழந்த கால் மீண்டும் முளைப்பதும் இந்தத் தோலுரிப்பின்போதுதான். முதல் தடவை மெலிந்த சிறு காலாக வந்து, அடுத்தடுத்த தோலுரிப்புகளில் சரியான அளவை எட்டும்.

குஞ்சுப் பருவத்தில் சில வாரங்களுக்கு ஒரு முறை தோலுரிக்கும் சிலந்தி, வளர வளர அதற்கு அதிக நாள் எடுத்துக்கொள்ளும். முதிர்ந்த பெண் சிலந்திக்கு ஓராண்டோ அதற்கும் மேலோ ஆகலாம். தீனி, தண்ணீர், வெப்பம், இருப்பிடம் ஆகிய நான்கும் அந்தத் தோலுரிப்புக்குச் சிலந்தியைத் தயார்செய்ய வேண்டும்.

வயிறு பருப்பது வளர்ச்சி ஆகாது

சிலந்தியின் உடல் இரண்டு பகுதிகளால் ஆனது. முன்னால் இருப்பது கால்கள் பொருந்திய தலைமார்பு. பின்னால் இருப்பது வயிறு. தலைமார்பு கெட்டியானது; தோலுரிக்கும்போது மட்டுமே பெரிதாகும். வயிறு மென்மையானது, தின்றால் பருக்கும், பட்டினி கிடந்தால் சுருங்கும்.

நன்றாகத் தின்று வயிறு பருத்த சிலந்தியைப் பார்த்து, வளர்ந்துவிட்டது என்று மகிழ்வது தவறு. அது சேமிப்பு மட்டுமே. வயிறு தலைமார்பைவிடச் சற்றுப் பெரிதாக, உருண்டையாக இருந்தால் சிலந்தி நலமாக இருக்கிறது என்று பொருள். தலைமார்பைவிடச் சிறிதாகிச் சுருக்கம் விழுந்தால் தீனியோ தண்ணீரோ போதவில்லை. தலைமார்பைப்போல் இரண்டு மடங்கு ஊதித் தரையில் இழுபட்டால் தீனி அதிகமாகிவிட்டது.

அளவுக்கு மீறிப் பருத்த வயிறு ஆபத்தானது. தண்ணீர் நிறைந்த பலூனைப்போல், சிறிது உயரத்திலிருந்து விழுந்தாலும் அது வெடித்துவிடும். கூரான கல்லில் உரசினாலும் கிழியலாம். சிலந்தியின் நிறமற்ற அல்லது வெளிர்நீல இரத்தம் கசிந்து வெளியேறினால் பிழைப்பது கடினம்.

எதைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது

பறவை, மீன் கடைகளில் செங்கெரிக் என்று விற்கப்படும் சுவர்க்கோழி, தீனிக்காகவே வளர்க்கப்படும் கரப்பான், மாவுப்புழு ஆகியவை போதுமானவை. எலிக்குஞ்சு, பல்லி போன்றவை தேவையில்லை. சிலந்தி உணவை மென்று விழுங்குவதில்லை. இரையின்மேல் செரிமான நீரை ஊற்றி, கரைந்து வருவதை உறிஞ்சுகிறது. மிஞ்சும் சக்கையை உருண்டையாகச் சுருட்டிப் போட்டுவிடும்.

இரையின் நீளம் சிலந்தியின் வயிற்று நீளத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. விரல் நகத்தைவிடச் சிறிய குஞ்சுகளுக்கு உயிருள்ள சுவர்க்கோழி ஆபத்து. சுவர்க்கோழியின் ஒரு காலையோ, கொன்ற புழுவின் ஒரு துண்டையோ வைத்தால் குஞ்சு தானே வந்து தின்னும்.

குஞ்சுகளுக்கு வாரத்தில் ஒன்று அல்லது இரண்டு தடவை தீனி போதும். நடுத்தர வயதில் வாரம் ஒரு தடவை. முழு வளர்ச்சி பெற்ற சிலந்திக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொடுத்தாலும் குறையில்லை. இது கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அல்ல. வயிற்றைப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.

தோட்டப்புறத்தில் இருப்பவர்கள் வயல்வெளி, செம்பனைக் காடு, வீட்டோரப் புல் ஆகிய இடங்களில் வெட்டுக்கிளி பிடித்துப் போடுவது எளிது என்று நினைக்கலாம். அதைத் தவிர்ப்பதே நல்லது. பூச்சிமருந்து தெளித்த இடத்தில் மேய்ந்த வெட்டுக்கிளி உயிரோடு துள்ளினாலும், அதன் உடலில் உள்ள மருந்து சிலந்தியைக் கொன்றுவிடும். வீட்டுக் கரப்பானுக்கும் இதே கதைதான். அது எங்கே எந்த மருந்தைத் தின்றுவிட்டு வந்தது என்று யாருக்கும் தெரியாது.

தின்று மிஞ்சிய சக்கையையும் தொடாத இரையையும் மறுநாளே எடுத்துவிட வேண்டும். இந்த நாட்டு வெப்பத்தில் அவை இரண்டே நாளில் பூசணம் பிடிக்கும். அதைத் தேடிச் சிற்றுண்ணிகளும் சிறு ஈக்களும் வரும்.

சாப்பிடாமல் இருந்தால் பயம் வேண்டாம்

புதிதாக வளர்ப்பவர்களை அதிகம் கலங்க வைப்பது இதுதான். நேற்று வரை பாய்ந்து பிடித்த சிலந்தி இன்று இரையைக் கண்டு பின்வாங்குகிறது. பெரும்பாலும் இது நோய் அல்ல. தோலுரிப்பு நெருங்குகிறது என்பதற்கு அடையாளம். வயிறு பளபளத்து இறுகும். மேனி நிறம் மங்கும். வயிற்றில் முடி உதிர்ந்த இடம் இருந்தால் அது கருத்துத் தெரியும். சில சிலந்திகள் வளையின் வாயை மண்ணாலும் நூலாலும் அடைத்துக்கொண்டு வாரக்கணக்கில் வெளியே வராது. தோண்டிப் பார்க்கக் கூடாது.

பெரிய சிலந்திகள் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கக்கூடியவை. சிலி நாட்டு ரோஸ் சிலந்தி இதற்குப் பெயர்போனது. வயிறு உருண்டையாக இருக்கும் வரை, தண்ணீர் இருக்கும் வரை, காத்திருப்பதைத் தவிர வளர்ப்பவர் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. சாப்பிட வைக்க வேண்டும் என்று ஒன்றுக்கு நான்கு சுவர்க்கோழிகளை உள்ளே விடுவதுதான் பெரிய தவறு. தோலுரித்து மென்மையாகக் கிடக்கும் சிலந்தியைப் பசித்த சுவர்க்கோழி கடித்துத் தின்றுவிடும்.

தீனியைவிட முக்கியம் தண்ணீர்

சிலந்தியின் கால்கள் மடங்குவதற்குத் தசை இருக்கிறது. ஆனால் முக்கியமான மூட்டுகளில் காலை நீட்டுவதற்குத் தசை இல்லை. உடல் திரவத்தை அழுத்தத்தோடு காலுக்குள் செலுத்தியே அது காலை நீட்டுகிறது. தோலுரிக்கும்போதும் இதே முறைதான். வயிற்றில் உள்ள திரவம் முன்பக்கம் தள்ளப்படுகிறது. அந்த அழுத்தத்தில் தலைமார்பின் மேலோடு மூடிபோல் திறந்துகொள்கிறது. பிறகு ஒவ்வொரு காலாக உருவி எடுக்கிறது.

உடலில் நீர் வற்றிய சிலந்தியால் அந்த அழுத்தத்தைக் கொடுக்க முடியாது. பாதி ஓட்டுக்குள் கால் சிக்கி, உள்ளேயே சாகும் சிலந்திகளில் பலவற்றுக்கு இதுவே காரணம். எவ்வளவு தின்றது என்பது அப்போது உதவாது.

எனவே சற்றே வளர்ந்த சிலந்திக்கு எப்போதும் ஒரு சிறு கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர் இருக்க வேண்டும். பஞ்சோ நுரைக்கட்டியோ அதில் போட வேண்டாம், அழுக்குத்தான் சேரும். குஞ்சுகளுக்கு மண்ணின் ஒரு மூலையில் சில சொட்டு நீர் விட்டால் போதும். கால்களை வயிற்றுக்கடியில் சுருட்டிக்கொண்டு குப்புறக் கிடக்கும் சிலந்திக்குத் தண்ணீர் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். அதன் வாய்ப்பகுதி நீரில் படும்படி ஆழமில்லாத தட்டில் வைத்தால் சில நேரம் பிழைத்துக்கொள்ளும். மல்லாந்து கிடப்பது தோலுரிப்பு; குப்புறச் சுருண்டு கிடப்பது ஆபத்து. இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்தாலே பல சிலந்திகள் தப்பிக்கும்.

வெப்பமும் வேகமும்

சிலந்தி குளிர் இரத்தப் பிராணி. சுற்றுப்புறம் வெப்பமாக இருந்தால் அதன் உடல் வேகமாக இயங்கும், அடிக்கடி பசிக்கும், தோலுரிப்புகளுக்கு இடையே உள்ள நாள்கள் குறையும். குளிர்ந்தால் எல்லாம் மெதுவாகும். ஒரே முட்டைப் பையில் பிறந்த இரண்டு குஞ்சுகளில் ஒன்றை ஈப்போவிலும் மற்றொன்றை இரவில் 20 டிகிரிக்கும் கீழே இறங்கும் கேமரன் மலையிலும் வளர்த்தால், ஓராண்டில் இரண்டின் அளவும் வேறுபடும். கேமரன் மலைக் குஞ்சு நோயாளி அல்ல. மெதுவாக வளர்கிறது, அவ்வளவுதான்.

குளிர் நாடுகளில் எழுதப்படும் வளர்ப்புக் குறிப்புகளில் வெப்ப விளக்கு, வெப்பத் தகடு பற்றிச் சொல்லப்பட்டிருக்கும். மலேசியாவின் தாழ்நிலப் பகுதிகளுக்கு அவை தேவையில்லை. வீட்டுக்குள் இருக்கும் வெப்பமே போதும். இங்கே ஆபத்து மறுபக்கம்தான். ஜன்னலோர வெயிலிலோ, நிறுத்திய காரிலோ வைத்த டப்பா சிறிது நேரத்தில் அடுப்பாகிவிடும். குளிர்சாதன அறையில் வைப்பவர்கள் காற்று வறண்டுபோவதைக் கவனித்துத் தண்ணீர்க் கிண்ணத்தை அடிக்கடி நிரப்ப வேண்டும்.

ஈரம் வேண்டும், புழுக்கம் கூடாது

எல்லாச் சிலந்திக்கும் ஒரே ஈரப்பதம் பொருந்தாது. மெக்சிகோவின் சிவப்பு முட்டிச் சிலந்தி வறண்ட நிலத்தில் வாழ்வது. அதற்கு மண்ணின் பெரும்பகுதி காய்ந்தும் ஒரு மூலை மட்டும் ஈரமாகவும் இருந்தால் போதும். பினாங்குக் கொடிமலையில் மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் இனத்துக்கோ, மரத்தில் வாழும் சிங்கப்பூர் நீலச் சிலந்திக்கோ மழைக்காட்டு ஈரம் வேண்டும்.

ஈரம் வேண்டும் என்று டப்பாவை இறுக்கமாக மூடிவிடக் கூடாது. காற்றோட்டம் இல்லாத ஈரத்தில் பூசணமும் நோயும்தான் வளரும். டப்பாவின் இரு பக்கத்திலும் சிறு துளைகள் இருந்தால் காற்று ஊடே செல்லும். சுவரில் நீர் முத்துமுத்தாக நின்றால் ஈரம் அதிகம்.

எப்படிப்பட்ட இருப்பிடம்

தரையில் வாழும் இனத்துக்கு அகலம் வேண்டும், உயரம் வேண்டாம். மண்ணின் மேற்பரப்பிலிருந்து மூடி வரை உள்ள உயரம், கால் விரித்த சிலந்தியின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டாமல் இருப்பது பாதுகாப்பு. அழகுக்காக உயரமான கண்ணாடித் தொட்டியில் அரையடி மண் போட்டு வைத்தால், சிலந்தி கண்ணாடியில் ஏறி விழுந்து வயிறு வெடித்துச் சாகும். மரத்தில் வாழும் இனத்துக்கு உயரமான டப்பாவும் சாய்த்து வைத்த மரப்பட்டையும் வேண்டும். வளை தோண்டும் இனத்துக்கு ஆழமான மண் வேண்டும்.

உரமோ மருந்தோ கலக்காத தேங்காய்நார்த் தூள் இதற்கு நல்ல மண். ஒரு மறைவிடம் அவசியம். ஒளிய இடம் இல்லாத சிலந்தி எப்போதும் மிரண்டு திரியும். தீனியைச் சரியாகத் தொடாது.

குஞ்சுக்குப் பெரிய தொட்டி கொடுத்தால் சீக்கிரம் வளரும் என்பது தவறான எண்ணம். பெரிய இடத்தில் அது இரையைக் கண்டுபிடிக்க முடியாமல் பட்டினி கிடக்கும். சிறு மூடிப் புட்டியில் தொடங்கி, வளர வளர மாற்றுவதே முறை. ஒரே டப்பாவில் இரண்டைப் போடவும் கூடாது. பெரும்பாலான இனங்களில் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும்.

எறும்பு, கொசுமருந்து, புகை

இந்த நாட்டு வீடுகளுக்கே உரிய இரண்டு ஆபத்துகள் உள்ளன. ஒன்று எறும்பு. மிஞ்சிய தீனியின் வாசனைக்கு வரும் எறும்புகள், தோலுரிக்கும் சிலந்தியை மொய்த்துக் கொன்றுவிடும். முன்பு தோட்ட வீடுகளில் உணவு அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வைப்பார்கள். சிலந்தி டப்பா வைக்கும் மேசைக்கும் அதே வழி பயன்படும்.

மற்றொன்று மருந்து. கொசுவர்த்திச் சுருள், பூச்சி ஸ்பிரே, எறும்புப் பொடி ஆகியவற்றில் இருப்பது பூச்சியைக் கொல்லும் மருந்து. சிலந்தியையும் அது கொல்லும். டிங்கிக் காய்ச்சலுக்காகக் குடியிருப்பில் புகை அடிக்கப் போவதாக அறிவிப்பு வந்தால், டப்பாவை முன்னதாகவே வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். வீட்டைத் திறந்துவைத்து வாடை போன பிறகே திரும்பக் கொண்டுவரலாம். புகை அடிப்பதைத் தடுக்கக் கூடாது. மனித உயிர் அதைவிட முக்கியம்.

தோலுரிக்கும் நாளில்

சிலந்தி நூலால் ஒரு பாய் விரித்து அதன்மேல் மல்லாந்து படுக்கும். குஞ்சுக்குச் சில நிமிடங்களில் முடியும். பெரிய சிலந்திக்குப் பல மணி நேரம் ஆகலாம். அந்த நேரத்தில் தொடவோ, ஊதவோ, நீர் தெளிக்கவோ, டப்பாவை நகர்த்தவோ கூடாது. உள்ளே உயிருள்ள இரை இருந்தால் மட்டும் மெதுவாக எடுத்துவிடலாம்.

வெளியே வந்த சிலந்தியின் நச்சுப்பற்கள் வெள்ளையாக இருக்கும். பிறகு சிவந்து, கடைசியில் கருக்கும். கருக்கும் வரை அவற்றால் இரையைக் கடிக்க முடியாது. குஞ்சுக்கு நான்கைந்து நாள், பெரியதற்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். அதுவரை தண்ணீர் மட்டும் போதும். கழற்றிப் போட்ட சட்டையை எறிந்துவிடாமல் எடுத்து வைத்தால், அதன் வயிற்றுப் பகுதியின் உட்புறத்தைப் பார்த்து அனுபவம் உள்ளவர்கள் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவார்கள்.

அவசரம் ஆயுளைக் குறைக்கும்

ஆணும் பெண்ணும் ஒரே வயது வரை வாழ்வதில்லை. சிவப்பு முட்டிச் சிலந்தியின் பெண் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. ஆணுக்கு அந்த ஆயுள் இல்லை. முதிர்ச்சி அடையும் கடைசித் தோலுரிப்புக்குப் பிறகு ஆண் பெரும்பாலும் மீண்டும் தோலுரிப்பதில்லை. சில மாதங்கள் முதல் ஓரிரு ஆண்டுகள் வரைதான் வாழும். வெப்பத்தையும் தீனியையும் கூட்டி ஆண் குஞ்சை வேகமாக வளர்ப்பவர், அதன் முடிவையும் வேகமாக அழைக்கிறார்.

மெதுவான வாழ்க்கை எவ்வளவு நீளும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சான்று உண்டு. டரான்டுலாவுக்குத் தூரத்து உறவான கதவுச் சிலந்தி ஒன்றை ஆய்வாளர்கள் 1974 முதல் கவனித்து வந்தனர். ஒரே வளையில், கிடைத்ததைத் தின்று, குறைவாக அசைந்து வாழ்ந்த அந்தப் பெண் சிலந்தி 43 ஆண்டுகள் உயிரோடு இருந்தது. அது மூப்பால் சாகவில்லை. குளவி கொட்டியதால் இறந்தது.

வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

சிங்கப்பூரில் டரான்டுலாவைச் செல்லப் பிராணியாக வளர்க்க அனுமதி இல்லை. மலேசியாவில் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. எந்த இனத்துக்கு உரிமம் வேண்டும் என்பதைத் தீபகற்பத்தில் இருப்பவர்கள் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வாங்க வேண்டும். சபா, சரவாக்கில் தனிச் சட்டங்கள் உள்ளன. இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் பொயிசிலோதேரியா வகைச் சிலந்திகளின் அனைத்துலக வணிகம் 2019 முதல் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. காட்டிலோ தோட்டத்து மண்மேட்டிலோ காணும் சிலந்தியைத் தோண்டி எடுத்து வருவது சரியல்ல.

ஆசிய இனங்கள் கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் வரும். அமெரிக்கக் கண்டத்து இனங்கள் பல, வயிற்று முடியை உதறி எறியும். அது கண்ணில் பட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆகவே கையில் எடுத்து விளையாடுவதும், பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பதும் வேண்டாம்.

டரான்டுலா வளர்ப்பவரின் வேலை அதிகம் இல்லை. கிண்ணத்தில் தண்ணீர் வைப்பது, வயிற்றைப் பார்த்துத் தீனி கொடுப்பது, எறும்பையும் மருந்தையும் தூர வைப்பது ஆகியவைதான். மற்றதைச் சிலந்தியே பார்த்துக்கொள்ளும். அது மல்லாந்து படுக்கும் அன்று மட்டும் டப்பாவை மூடி, கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கத் தெரிந்தால் போதும்.